லடாக்ல ஒரு குளிர்காலம்: வேலூர்க்காரன் தாங்குவானா?

காட்பாடி தம்பி ஒருத்தர் கேட்டிருந்தாரு. மத்திய அரசு வேலை, லே டவுன்ல இருந்து தள்ளி ஒரு கிராமத்துல போஸ்டிங், அக்டோபர்ல ஜாயின் பண்ணணும், ரெண்டு வருஷம். கல்யாணம் ஆகி எட்டு மாசம் தான் ஆவுதாம். "அக்னி நட்சத்திரத்துல பொறந்து வளந்தவன் நான், வீட்ல ஒரு ஸ்வெட்டர் கூட கிடையாது, ஏலகிரில ஒரு நைட்டு தங்கினதுக்கே மூக்கடைச்சிக்கிச்சி. பனி ஊர்ல ஒரு குளிர்காலம் முழுசா ஓட்ட முடியுமா, ஓட்டறது கூட இருக்கட்டும், சந்தோஷமா இருக்க முடியுமா, வீட்டம்மா ரொம்ப பயப்படறாங்க"ன்னு கேள்வி.

முடியும் தம்பி. நல்லாவே முடியும். ஆனா எதை நினைச்சி நீங்க பயந்துகினு இருக்கீங்களோ அது இல்ல அங்க பிரச்சனை, வேற ஒண்ணு, அதை சொல்லத்தான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

எனக்கு கணியம்பாடி பக்கம். எங்க சைடுல தெருவுக்கு பத்து பேர் மிலிட்டரி, கம்மவான்பேட்டைய ராணுவப்பேட்டைன்னே கூப்பிடுவாங்க, உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். நானும் பட்டாளம் தான், வண்டி மிஷின் ரிப்பேர் பாக்கற ஈ.எம்.ஈ. பிரிவுல மெக்கானிக். சர்வீஸ்ல கார்கில் பக்கம் திராஸ்ல ஒரு குளிர்காலம், லே பக்கம் ரெண்டு. ஆனா அதெல்லாம் நான் பெருசா கணக்குல எடுத்துக்கறதில்ல, ஏன்னா பட்டாளத்துல கோட்டு, பூட்ஸு, சாப்பாடு, அடுப்பு எல்லாம் அவங்களே குடுத்து எப்ப எதை போடணும்னு விசிலும் அடிச்சிடுவாங்க. நெஜமா கத்துக்கினது ரிட்டயர் ஆனதுக்கு அப்பால தான். ஒரு கான்ட்ராக்டர் கிட்ட ஜெனரேட்டர் பாத்துக்கற வேலைக்கு போயி, லேக்கு மேற்கால ஷாம்னு சொல்ற பகுதியில, சிந்து நதி ஓரமா ஒரு கிராமத்துல ரெண்டு குளிர்காலம் இருந்தேன், ஒரு வீட்டு மாடியில வாடகை ரூம். ரெண்டாவது வருஷம் எங்க வீட்டம்மாவும் வந்தாங்க. அதனால உங்க வீட்டம்மா பயத்துக்கும் சேத்தே பதில் சொல்ல முடியும்.

மொதல்ல ஒண்ணு தெளிவா ஆயிடட்டும். லடாக்னா சினிமால காட்டற மாதிரி ஊரெல்லாம் இடுப்பளவு பனின்னு நினைச்சிக்காதீங்க. அது பாலைவனம். லேயில வருஷம் முழுக்க சேத்தாலும் சுமார் 100 மில்லிமீட்டர் தான் மழையும் பனியும், நம்ம வேலூர்ல அதே கணக்கு 1000 கிட்ட வரும். திராஸ், சான்ஸ்கார் பக்கம் போனா தான் வாசக்கதவை திறக்க முடியாத அளவுக்கு கொட்டும். லே பக்கம் பனி வரும், கணுக்கால் வரைக்கும், சில சமயம் முட்டி வரைக்கும், அப்புறம் வெயில் அடிச்சி பாதி போயிடும். ஆனா குளிர் போகாது. ஜனவரியில ராத்திரி மைனஸ் 15 சாதாரணம், மைனஸ் 20க்கும் கீழ எறங்கற ராத்திரிங்களும் உண்டு.

இப்ப விஷயத்துக்கு வரேன். அங்க பிரச்சனை குளிர் இல்ல, தண்ணி.

நம்ம ஊரைப் பத்தி ஒரு பழைய கேலி இருக்கில்ல, தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில்னு. (சாமி 1981லயே வந்துட்டாரு, ஜலகண்டேஸ்வரரை உள்ள வெச்சி கும்பிடறோம், கேலி தான் இன்னும் போகல.) அந்த தண்ணி இல்லாத ஆறு தான் தம்பி உங்களுக்கு அங்க கை குடுக்கப் போவுது. பாலாத்து மணல்ல ஊத்து தோண்டி சொம்பால மொண்டு வடிகட்டி குடிச்சவங்க நாம, லாரி வர்ற சத்தம் கேட்டு தூக்கத்துல எழுந்து குடத்தை வரிசையில போட்ட ஜனம். அங்கயும் அதே தான், ஆறு காஞ்சி போகறதுக்கு பதிலா கல்லாயிடுது, அவ்ளோ தான் வித்தியாசம். பனிமழைல ஊறின ஊர்க்காரனை விட நமக்கு அந்த வாழ்க்கை சீக்கிரம் பிடிபடும்ங்கறது என் கருத்து, நிறைய பேர்கிட்ட சொல்லி சிரிச்சிருக்காங்க, பரவால்ல.

நவம்பர் கடைசில ஒரு நாள் காலைல குழாயை திறந்தேன், காத்து கூட வரல. உறைஞ்சிடிச்சி. அது மறுபடி மார்ச் கடைசி வரைக்கும் திறக்கவே இல்ல. வீட்டுக்கார அம்மாவோட மாமியார், எழுபது வயசு இருக்கும், ஜெரிகேனை முதுகுல கட்டிக்கினு வாங்கன்னு கை காட்டிட்டு முன்னால போறாங்க. ஊருக்கு கீழ ஓடை. மேல கண்ணாடி மாதிரி ஐஸ், அதுல குண்டான் வாயளவுக்கு ஒரு ஓட்டை, ராத்திரி அது மூடிக்கும், காலைல கடப்பாரையால குத்தி திறக்கணும், மொத ஆளா வர்றவங்க வேலை அது. ஓட்டைக்குள்ள கருப்பா தண்ணி ஓடற சத்தம் மட்டும் கேக்கும். நான் பெருமையா ஊர்ல இருந்து எட்த்துக்கினு போன எவர்சில்வர் குடத்தை ஈரக்கையோட கழுத்தைப் பிடிச்சி தூக்கினேன். நாலு விரலும் குடத்தோட ஒட்டிக்கிச்சி. இழுத்தா தோல் வந்துடும். அந்தம்மா ஒரு கத்து கத்தி என் கைய பிடிச்சி நிறுத்திட்டு, அவங்க ஜெரிகேன்ல இருந்த தண்ணிய மெதுவா விரல் மேல ஊத்தினாங்க, விட்டுச்சி. அப்பால ஓடைக்கரைல உக்காந்து சிரிக்கறாங்க சிரிக்கறாங்க, அப்படி ஒரு சிரிப்பு. மறுநாள் ஊருக்கே தெரிஞ்சிடிச்சி. மெட்ராஸ்காரன் குடம்னு அதுக்கு பேரே வெச்சிட்டாங்க, வேலூருன்னு சொன்னா அவங்களுக்கு எங்க புரியப் போவுது.

பனிய அள்ளி உருக்கிக்கலாமேன்னு நினைப்பீங்க, நானும் நினைச்சேன். புதுசா விழுந்த பனி பஞ்சு மாதிரி, பத்து பக்கெட் அள்ளினா ஒரு பக்கெட் தண்ணி தேறறதே கஷ்டம், அதுக்கு எரியற விறகை நினைச்சா வயிறு எரியும். வேற வழியே இல்லாம உருக்கறதா இருந்தா அடியில கொஞ்சம் தண்ணி விட்டுட்டு மேல பனிய போடுங்க, வெறும் பாத்திரத்துல போட்டா அடி கருகி தண்ணில தீஞ்ச வாடை வரும்.

குளியல் வாரத்துக்கு ஒண்ணு. வீட்டம்மாவுக்கு முதல் வாரம் அதான் அழுகை. ஆனா அங்க காத்து அவ்ளோ காஞ்சி கிடக்கும், வேர்வையே கிடையாது, நம்ம ஊர்ல ரெண்டு வேளை குளிச்சும் நாறுறோம், அங்க நாறாது. கக்கூஸும் உலர் கக்கூஸ் தான், மாடியில ஒரு ரூம், தரையில ஓட்டை, பக்கத்துல மண்ணும் சாம்பலும், போயிட்டு ரெண்டு மண்வெட்டி தள்ளிவிட்டா முடிஞ்சிது, வசந்த காலத்துல கீழ இருந்து எருவா எடுத்து வயலுக்கு போடுவாங்க. ஃப்ளஷ் வெச்ச புது கட்டடத்துல எல்லாம் ஜனவரியில பைப் வெடிச்சி ஆளுங்க தவிப்பாங்க, பழைய வீட்டுக்காரங்க நிம்மதியா இருப்பாங்க. வீடு பாக்கும்போது இதை கேட்டு பாருங்க, வெக்கப்படாதீங்க. கூடவே தெக்கு பாத்த கண்ணாடி ரூம் இருக்கான்னு கேளுங்க, ஷெல்காங்னு சொல்லுவாங்க. வெயில் அடிச்சா வெளிய மைனஸ் இருக்கும்போது உள்ள ஸ்வெட்டரை கழட்டிட்டு உக்காரலாம். ஃபே கிராமத்துல செக்மோல்னு ஒரு ஸ்கூல், சோனம் வாங்சுக் ஆரம்பிச்சது, மண்ணு சுவரும் தெக்கு வெயிலும் தான், குளிர்காலத்தை அப்படியே ஓட்டறாங்க. வடக்கு பாத்த ரூம் ஆயிரம் ரூபா கம்மியா கிடைச்சாலும் வேணாம், அந்த ஆயிரத்துக்கு மேல விறகுல போயிடும்.

முதல் வாரத்தை பத்தி சொல்லிடறேன், இதுல மட்டும் விளையாட்டு வேணாம். லே 3500 மீட்டர், நம்ம ஏலகிரியை மாதிரி மூணு மடங்கு உயரம். மூச்சுல கிடைக்கற ஆக்ஸிஜன் இங்க கிடைக்கறதுல மூணுல ரெண்டு பங்கு தான். ஃப்ளைட்ல போய் இறங்கினா முதல் ரெண்டு நாள் படுத்தே கிடங்க, மிலிட்டரியிலயே அப்படித்தான், ரெண்டு நாள் முழு ரெஸ்ட், அப்புறம் சமதரையில நடை, அப்புறம் தான் ஏத்தம், மொத்தம் ஆறு நாள். தலைவலி, வாந்தி, தூக்கமின்மை லேசா எல்லாருக்கும் வரும். தலைவலி மாத்திரைக்கும் அடங்காம ஏறிக்கினே போனா, நடக்க தள்ளாடினா, படுத்து இருக்கும்போதே மூச்சு வாங்கினா உடனே ஆஸ்பத்திரி, கீழ எறக்கற வழிய பாக்கணும். பாடி எப்படி இருந்தாலும் வித்தியாசம் இல்ல, எங்க யூனிட்ல தினம் பத்து கிலோமீட்டர் ஓடற பையன் வந்த அன்னிக்கே மார்க்கெட் சுத்திட்டு ராத்திரி ஆக்ஸிஜன்ல படுத்திருந்தான், ஐம்பது வயசு சுபேதார் பீடி குடிச்சிக்கினு ஜம்முனு இருந்தாரு. போறதுக்கு முன்ன ரெண்டு பேரும் டாக்டரை பாத்து அதுக்கு மாத்திரை வேணுமா வேணாமான்னு கேட்டுக்கங்க, வீட்டம்மா மாசமா இருந்தா கண்டிப்பா கேக்காம ஏறக்கூடாது.

அடுத்தது அடுப்பு. புகாரின்னு ஒரு தகர அடுப்பு, மேல குழாய் வெச்சி புகையை வெளிய விடும், விறகோ வரட்டியோ மண்ணெண்ணெயோ போட்டு எரிக்கலாம். ரூம் அரை மணில சூடாயிடும், அந்த சுகத்துல தான் ஆபத்தே. வீட்டம்மா வந்த புதுசுல ஜன்னல் சந்துல குளிர் வருதுன்னு பழைய புடவைய கிழிச்சி அழகா அடைச்சிட்டாங்க, நானும் பேசாம விட்டுட்டேன். விடியக்காலம் மூணு மணி போல ரெண்டு பேருக்கும் தலை விண்ணு விண்ணுன்னு வலிக்குது, உயரத்துக்கு வர்ற தலைவலி தான்னு நினைச்சி நான் திரும்பி படுத்துட்டேன். அவங்க வாந்தி எடுக்க எழுந்து கதவை திறந்தாங்களே, அது தான் எங்க ரெண்டு பேரையும் காப்பாத்திச்சி. அரைகுறையா எரியற அடுப்புல இருந்து வர்ற கார்பன் மோனாக்சைடு, வாடையும் இல்ல, நிறமும் இல்ல. முப்பது வருஷம் இன்ஜின் புகையோட வாழ்ந்த மெக்கானிக் நான், எனக்கே தெரியல பாருங்க. ரெண்டு தலைவலியும் ஒரே மாதிரி இருக்கறது தான் அந்த ஊர்ல பெரிய பொறி. தூங்கும்போது அடுப்பை அணைச்சிடுங்க, ஒரு விரக்கடை ஜன்னல் திறந்தே இருக்கட்டும், கனமான ரஜாய் ரெண்டு போத்திக்கினா அடுப்பே தேவையில்ல. சுடுதண்ணி பாட்டிலை கால்மாட்டுல வெச்சிக்கங்க, காலைல முகம் கழுவவும் அதே தண்ணி ஆச்சி.

துணி பத்தி ஊரே அட்வைஸ் பண்ணும், நான் ரெண்டு தான் சொல்றேன். ஒண்ணு, வேர்க்க விடாதீங்க. திராஸ்ல கூரை மேல ஏறி பனி தள்ளும்போது எங்க உஸ்தாத் ஒருத்தர் கத்திக்கினே இருப்பாரு, மெதுவா, மெதுவா, வேர்த்தா செத்தேன்னு. வேலை செய்யும்போது கோட்டை கழட்டிடணும், நிறுத்தினதும் மாட்டிக்கணும், ஏன்னா நனைஞ்ச பனியன் அஞ்சு நிமிஷத்துல ஐஸ் ஆகும், அதனால உள்ள காட்டன் பனியனே வேணாம், கம்பளி இல்லன்னா தெர்மல் போடுங்க. ரெண்டு, ஷூ. ஆம்பூர் லெதர் ஷூ போட்டுக்கினு போனா நமக்கு பெருமை தான், ஆனா ஒரு சைஸ் பெருசா எடுங்க, உள்ள ரெண்டு சாக்ஸ் போட்டும் விரல் ஆடணும், டைட்டா இருந்தா ரத்தம் ஓடாம விரல் மரத்துடும். விரல் வெள்ளையா மரத்து போச்சின்னா தேய்க்கக் கூடாது, நெருப்புல காட்டக் கூடாது, வெதுவெதுப்பான தண்ணில விடணும், கொழந்தைய குளிப்பாட்டற சூடு இருந்தா போதும், அப்பால டாக்டர் கிட்ட போங்க. அப்புறம் கூலிங் கிளாஸ் ஸ்டைலுக்கு இல்ல. பனி மேல பட்டு திரும்பற வெளிச்சம் ஒரே நாள்ல கண்ணுல மண்ணு போட்ட மாதிரி ஆக்கிடும்.

வண்டி பத்தி நீங்க கேக்கல, கேக்காட்டியும் சொல்லுவேன், தொழில் அது. சாதா டீசல் அந்த குளிர்ல மெழுகு மாதிரி திரிஞ்சி ஃபில்டர்ல அடைச்சிக்கும். எங்க காலத்துல காலைல நாலு மணிக்கு எழுந்து டேங்குக்கு அடியில தீ காட்டி தான் ஸ்டார்ட் பண்ணுவோம், வெளிய இருந்து பாக்கறவனுக்கு இவன் வண்டிய கொளுத்தறானான்னு தோணும். 2019ல இந்தியன் ஆயில் குளிர்கால டீசல்னு ஒண்ணு விட்டாங்க, மைனஸ் 33 வரைக்கும் ஓடும், அது வந்த பிறகு அந்த கூத்து குறைஞ்சிடிச்சி. நீங்க கார் வாங்கினா கூலன்ட் கலவை சரியா இருக்கணும், வெறும் தண்ணி ஊத்தினா இன்ஜின் பிளாக்கே விரிசல் விட்டுடும். ராத்திரி ஹேண்ட் பிரேக் போடாதீங்க, காலைல விடாது, கியர்ல போட்டு சக்கரத்துக்கு கல்லு குடுங்க. பேட்டரிய கழட்டி ரூமுக்குள்ள எட்த்துக்கினு வந்துடுங்க, நான் கட்டிலுக்கு அடியிலயே வெச்சிக்குவேன், கொழந்தை மாதிரி பாத்துக்கறீங்களேன்னு வீட்டம்மா கிண்டல் பண்ணுவாங்க. சிம் கார்டும் சொல்லிடறேன், நம்ம ஊர் ப்ரீபெய்டு அங்க எடுக்காது, போஸ்ட்பெய்டா மாத்திக்கினு போங்க, இல்லன்னா மாமியார் வீட்ல மூணு நாள் தகவல் இல்லாம தவிச்சி போலீசுக்கே போயிடுவாங்க.

இனிமே சந்தோஷத்துக்கு வரலாம், கேள்வியே அதானே.

அங்க குளிர்காலம் நவம்பர்ல ஆரம்பிக்கறதில்ல, ஜூன்லயே ஆரம்பிச்சிடுது. நம்ம வீட்ல சித்திரை வெயில்ல வடாம் புழிஞ்சி, மாங்கா அறுத்து உப்பு போட்டு காய வெக்கறோமே, அதே தான். கூரை முழுக்க ஆப்ரிகாட் காயும், தக்காளி, டர்னிப் கீரை எல்லாம் அறுத்து காய வெச்சிருப்பாங்க, இன்னொரு பக்கம் மாட்டுக்கு புல்லு, ஓரமா வரட்டி சுவர் மாதிரி அடுக்கி இருக்கும். உருளைக்கிழங்கு, கேரட், முள்ளங்கிய இடுப்பளவு குழி வெட்டி மண்ணுக்குள்ள பதுக்கி வெப்பாங்க, வெளிய எல்லாம் உறைஞ்சி கிடந்தாலும் குழிக்குள்ள கெடாது. நீங்க அக்டோபர்ல போறதால காய வெக்கற சீசன் முடிஞ்சிருக்கும், அதனால போன உடனே முதல் வேலை, ரெஸ்ட் முடிஞ்சி, வீட்டுக்காரங்க கிட்ட குழில பங்கு கேட்டு ஒரு மூட்டை உருளை, முட்டைக்கோஸ் வாங்கி போட்டுடுங்க. ஸ்ரீநகர்ல இருந்து வர்ற ரோட்டுல ஜோஜிலா கணவாய் பனில மூடிட்டா காய்கறி ஃப்ளைட்ல தான் வரணும், விலைய கேட்டா தலை சுத்தும், அதுக்கு உயரம் காரணம் இல்ல. வெங்காயம், முட்டை எல்லாம் படுக்கற ரூம்லயே இருக்கட்டும். முட்டை உறைஞ்சா வெடிச்சிடும், தக்காளி கிரிக்கெட் பாலா ஆயிடும், தேங்கா எண்ணெய் பத்தி பேசவே வேணாம், அதுக்கு நம்ம ஊர் மார்கழியே ஜாஸ்தி.

இப்படி சேத்து வெச்சிட்டு ஜனவரியில ஜன்னல்கிட்ட உக்காந்து வெளிய பனி விழறத பாக்கும்போது வர்ற நிம்மதி இருக்கே, அறுவடை முடிஞ்சி குதிர் ரொம்பின வீட்ல இருந்தவங்களுக்கு அது தெரியும். மாசம் மாசம் சம்பளத்துல அன்னன்னிக்கு வாங்கி தின்னு பழகின எனக்கு ஐம்பது வயசுக்கு மேல தான் அந்த சுகம் தெரிஞ்சிது.

சாப்பாட்டுக்கு கஷ்டப்பட மாட்டீங்க, அங்க களி இருக்கு தம்பி. நெஜமா தான். பாபான்னு பேரு, வறுத்த பார்லியும் பட்டாணியும் அரைச்ச மாவுல கிண்டற களி, கேழ்வரகு களிய உருட்டற மாதிரியே உருட்டி, நடுவுல குழி பண்ணி, கீரை போட்ட மோர்ல தொட்டு கையால சாப்பிடுவாங்க. எங்க வீட்டம்மா முதல் நாள் அதை பாத்துட்டு கிண்டின அம்மாவை கட்டிப்பிடிச்சிக்கினாங்க, பாஷையே தெரியாது ரெண்டு பேருக்கும். உப்பு போட்ட வெண்ணெய் டீ தான் எனக்கு கடைசி வரைக்கும் பிடிக்கல. சூப்னு நினைச்சிக்கினு குடிங்க, டீன்னு நினைச்சா எறங்காது.

பொங்கலன்னிக்கு ஒரு கூத்து. வாசல்ல பனிய ஒதுக்கிட்டு மூணு கல்லு கூட்டி, பொங்கப் பானை இல்லாம பித்தளை தவலைல பால் வெச்சோம். ஊரே வேடிக்கை. பால் டக்குனு பொங்கிடிச்சி, பொங்கலோ பொங்கல்னு நாங்க ரெண்டு பேர் கத்த, பின்னால இருபது லடாக் குரல் கத்துது, கொழந்தைங்க குதிக்குது. அப்பால அரிசி போட்டேன். ஒரு மணி நேரம் ஆச்சி, ஒண்ணேகால் மணி ஆச்சி, அரிசி நறுக்கு நறுக்குனு அப்படியே இருக்கு. அந்த உயரத்துல தண்ணி 90 டிகிரிக்கு கொஞ்சம் முன்ன பின்னவே கொதிச்சிடும், எவ்ளோ விறகு போட்டாலும் சூடு அதுக்கு மேல ஏறாது, பால் சீக்கிரம் பொங்கினதுக்கும் அதே தான் காரணம். கடைசில குக்கர்ல கொட்டி எட்டு விசில் விட்டு இறக்கினோம். வெல்லத்தை சுத்தியால ஒடைச்சி போட வேண்டியதா போச்சி. அன்னிக்கு அதை தின்ன பசங்க மாசக்கணக்கா என்னை பாத்தா பொங்கலோன்னு தான் கூப்பிட்டாங்க.

பகல்ல வேலை இருக்கும், காலைல தண்ணி, அப்புறம் பனி விழுந்திருந்தா கூரைய தள்ளணும். மண்ணு கூரை, பனி உருகி ஊறினா உள்ள ஒழுகும், அதனால வெயில் ஏறதுக்குள்ள மரப்பலகையால தள்ளிடணும், இரும்பு மண்வெட்டி போட்டா மண்ணு பேந்துடும். எனக்கு அங்க பிடிச்ச வேலைன்னா இதான். ராத்திரி பூரா கொட்டிட்டு காலைல நின்ன பிறகு ஊர்ல ஒரு அமைதி இருக்கும், நாய் குரைச்சா கூட பஞ்சுக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கும். நல்ல குளிர்ல பனி மேல கால் வெச்சா கறுக் கறுக்னு சத்தம், உப்பு மூட்டை மேல நடக்கற மாதிரி. பக்கத்து கூரைல ஒருத்தர் தள்ளுவாரு, அவருக்கு அந்தப் பக்கம் ஒருத்தர், எல்லாரும் ஜூலே ஜூலேன்னு வணக்கம் சொல்லிக்கினு. பத்து மணிக்கு வெயில் வந்ததும் கிழவனுங்க கிழவிங்க எல்லாம் தெக்கு சுவர்ல சாஞ்சி உக்காந்து கம்பளி நூல் நூத்துக்கினு ஊர் கதை பேசுவாங்க, நம்ம ஊர் திண்ணை தான், நிழலுக்கு பதிலா வெயில்.

பாஷை பயம் வேணாம், பேருக்கு பின்னால ஒரு லே போட்டா மரியாதை, நம்ம ங்க மாதிரி. தாத்தாவை மேமே-லே, பாட்டிய அபி-லே, அக்காவை ஆச்சே-லே. உங்களை நோனோன்னு கூப்பிட்டா தம்பின்னு அர்த்தம். டிசம்பர் வாக்குல லோசர் வரும், அவங்க புது வருஷம், திபெத்துக்கு ரெண்டு மாசம் முன்னாடியே இவங்க கொண்டாடுவாங்க, வீடு வீடா கூப்பிட்டு ஊத்துவாங்க. சாங்னு பார்லி சரக்கு, சூடா இருக்கற மாதிரி தோணும், ஆனா சரக்கு உடம்புல இருக்கற சூட்டை வெளிய தள்ளத்தான் செய்யும், குடிச்சிட்டு ராத்திரி தனியா நடந்து வராதீங்க. பசங்க குளத்துல ஐஸ் ஹாக்கி ஆடுவாங்க, நான் ஒரு தடவை ஸ்கேட்டிங் ஷூ மாட்டி நின்னேன், நின்னேன்னு சொல்றது கூட அதிகம்.

இன்னொண்ணு, வாய்ப்பு கிடைச்சா பனி ஸ்தூபத்தை போய் பாருங்க, நம்ம வேலூர்க்காரன் கண்டிப்பா பாக்க வேண்டியது அது. 1987ல இருந்தே செவாங் நார்பெல்னு ஒரு இன்ஜினியர், ஓடைத் தண்ணிய குளிர்காலத்துல மலைச்சரிவுல தேக்கி ஐஸா சேத்து வெச்சி சித்திரை விதைப்புக்கு விட்டுக்கினு இருந்தாரு, 2015ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. அப்புறம் வாங்சுக் 2013-14 குளிர்காலத்துல அதையே கூம்பு மாதிரி நிக்க வெச்சாரு. மேட்டுல இருந்து பைப்ல தண்ணி வரும், கரண்ட் வேணாம், பம்ப் வேணாம், எறக்கத்து அழுத்தத்துலயே மேல பீச்சி அடிக்கும், விழறதுக்குள்ள உறைஞ்சி கோபுரமா ஏறிக்கினே போவும். கூம்பா இருக்கறதால வெயில் படற பரப்பு கம்மி, மெதுவா உருகும், ஏப்ரல் மே மாசத்துல வயலுக்கு தண்ணி. நான் அதுக்கு முன்னால நின்னுக்கினு நம்ம நாகநதிய தான் நினைச்சேன். அங்க நம்ம பொம்பளைங்க நூறு நாள் வேலைல ஆத்துக்குள்ள உறை எறக்கி மழைத்தண்ணிய மண்ணுக்குள்ள அனுப்பினாங்க, இவன் ஐஸ்ல வெக்கறான், அவங்க மண்ணுல வெச்சாங்க.

கஷ்டமே இல்லன்னு சொல்லல. பிப்ரவரி மாசம் ஒண்ணு வரும், பச்சைன்னு ஒரு இலை கண்ணுல படாது, எல்லாம் பழுப்பும் வெள்ளையும், ரெண்டு பேரும் காரணமே இல்லாம சண்டை போட்டுக்குவீங்க. எங்களுக்கு அது முள்ளு கத்திரிக்காயில ஆரம்பிச்சிது. ஊர்ல இருந்து மச்சான் வீடியோ கால்ல எண்ணெய் கத்திரிக்காய காட்டிட்டான், பாவி, அன்னிக்கு முழுக்க வீட்டம்மா என்கிட்ட பேசல, நான் இன்னா பண்ணேன். அப்ப தான் மண்சுவர் கட்டி தெக்கால பிளாஸ்டிக் ஷீட் போட்ட பசுமைக்குடில்ல அபி-லே கொத்தமல்லியும் பாலக்கும் வளக்கறது தெரிஞ்சிது, வீட்டம்மா தினம் மத்தியானம் அதுக்குள்ள போய் உக்காந்துக்குவாங்க. பறிக்கக் கூட மாட்டாங்க, சும்மா மண்ணு வாசனைக்கு. உங்க வீட்டம்மாவுக்கு போன உடனே அந்த மாதிரி ஒரு இடத்தை காட்டி குடுத்துடுங்க, ஒரு பிடி வெந்தயமும் கொத்தமல்லி விதையும் பொட்டலம் கட்டி எட்த்துக்கினு போங்க.

பாத்திரத்துல எவர்சில்வர் குடத்தை மட்டும் வீட்லயே விட்டுடுங்க. குக்கர் கண்டிப்பா வேணும், அஞ்சு லிட்டர், கூடவே கேஸ்கட் மூணு. குளிர்ல ரப்பர் கல்லு மாதிரி ஆயிடும், போடறதுக்கு முன்ன கொஞ்ச நேரம் சுடுதண்ணில போட்டு வெச்சா தான் மூடியில உக்காரும்.